இடவப்பாதி மழையில் ஸ்பிரே பிரைமர் காலை வாருது: 20 உருவத்தைச் சீக்கிரம் முடிக்க வழி?

மார்த்தாண்டம்_மெக்:
வார்ஹாமர் 40,000-ன்னு மேசைப் போர் விளையாட்டு, அதுக்கு வண்ணம் பூச வேண்டிய குட்டிப் பிளாஸ்டிக் கவச வீரர்கள், மொத்தம் 20. வண்ணத்துக்கு முன்னே போடுற அடிப்பூச்சு (பிரைமர்) ஸ்பிரே அடிச்ச 5 உருவமும் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு ஆயிட்டு. அதைக் காப்பாத்த முடியுமா? மீதி 15-ஐ எளுப்பமா முடிக்கணும். ஏர்பிரஷ் இல்லை. மேசையில வச்சு விளையாடுற அளவுக்கு இருந்தா போதும்.

தோவாளைத்_தூரிகை:
சொரசொரப்புன்னா பெயிண்ட் துளி உருவத்துல விழுமுன்னே காத்துலயே காய்ஞ்சிருக்கு. தூரம் கூடிப்போச்சு, இல்லேன்னா காத்து. 20–25 செ.மீ. தாண்டக்கூடாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் வெளிய நின்னு அடிச்சா பாதி பெயிண்ட் அங்க உள்ள காற்றாலைக்குத்தான். ஈரப்பதத்தோட கோளாறு வேற: வெள்ளையா மூடுபனி படிஞ்ச மாதிரி வரும்.

மழை முடியுறவரை ஸ்பிரேயை மறந்துரு மக்கா. தூரிகையால பூசுற கறுப்பு அக்ரிலிக் பிரைமர் வாங்கு. தண்ணி கலக்காம மெல்லிசா 2 கை (பூச்சு), அப்புறம் ஒரு நாள் முழுக்க விடு. பூசுமுன்னே சோப்புத் தண்ணியில பழைய பல்துலக்கியால தேய்ச்சுக் கழுவு. எண்ணெய்ப்பசை இருந்தா பிரைமர் உரிஞ்சு வரும்.

அடுத்தது டிரைபிரஷ், அதாவது பெயிண்டைத் துடைச்ச காய்ஞ்ச தூரிகையால மேடுகளை மட்டும் தடவுறது. இதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. சாம்பல் நிறத்தைத் தொட்டு, காகிதத்துல துடைச்சுட்டே இரு. கட்டைவிரல் ரேகையில ஓட்டினா மேடு மட்டும் லேசா வெளுக்கணும், பள்ளம் கறுப்பாவே நிக்கணும். அதுதான் அளவு. சாம்பலை எல்லாப் பக்கமும், வெள்ளையை மேலிருந்து கீழ் நோக்கி மட்டும். தலை, தோள், துப்பாக்கி மேல்விளிம்பு தானா ஒளி வாங்கிரும்.

அது மேல காண்ட்ராஸ்ட் பெயிண்ட்: பள்ளத்துல தேங்கி நிழலும் மேட்டுல வெளிச்சமும் ஒரே பூச்சுல தர்ற நீர்த்த பெயிண்ட். 5 உருவமா பிரிச்சுக்க. அஞ்சுக்கும் கவசம் முடிச்சுட்டுத்தான் பை, பட்டை. தேங்குன இடத்துல காய்ஞ்ச தூரிகை நுனியை வச்சு உறிஞ்சு. ஒரு நிமிஷம் தாண்டினா தொடாதே, திட்டுத்திட்டா கிழியும்.

குளச்சல்_டைஸ்:
கெட்டுப்போன 5-ஐ பழுப்பு டெட்டால்ல ஒரு நாள் ஊறப்போடுங்க. தேய்ச்சு எடுக்கிறதும் டெட்டால்லயே நடக்கணும். பெயிண்ட் போகுமுன்னே தண்ணி பட்டா தார் மாதிரி ஒட்டிக்கும். கையுறை கட்டாயம். ரெசின் உருவத்துக்கு இது வேண்டாம்.

மார்த்தாண்டம்_மெக்:
நன்றி அண்ணே. கையில ஆர்மி பெயிண்டர் ஸ்பீட்பெயிண்ட் இருக்கு, பழைய குப்பி. காண்ட்ராஸ்டுக்குப் பதிலா அது போதுமா?

தோவாளைத்_தூரிகை:
2022-ல வந்த முதல் பதிப்புன்னா கவனம். காய்ஞ்ச பிறகும் ஈரம் பட்டா கரைஞ்சு மேல் நிறத்துல கலக்கும். சிவப்புக்கு மேல வெள்ளை வச்சா ரோஸ்தான். அடுத்த பூச்சுக்கு முன்னே ஒரு கை வார்னிஷ். 2.0-ல இந்தத் தொல்லை இல்லை.

துப்பாக்கிக்கு வெள்ளி நிறம், மேல கறுப்பு வாஷ் (பள்ளத்துல இறங்குற நீர்த்த பெயிண்ட்). கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி வச்சு, காய்ஞ்சதும் சிவப்பு காண்ட்ராஸ்ட் ஒரு சொட்டு. கடைசி மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷும் தூரிகையாலதான். ஈரக்காத்துல ஸ்பிரே வார்னிஷ் அடிச்சா அத்தனை வேலையும் வெளிறிப்போகும்.

குளச்சல்_டைஸ்:
உருவம் நிக்கிற பேஸ் (அடித்தட்டு) மேல கடல் மணல் ஒட்டுறதா இருந்தா நல்ல தண்ணியில 3 தடவை அலசிக் காயவைங்க, இல்லேன்னா உப்பு பூக்கும். மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல் பார்க்க வேற்றுக் கிரகம் மாதிரி இருக்கும், ஆனா அதுல மோனசைட்னு கனிமம் உண்டு, கதிரியக்கத் தோரியம் உள்ளது. அதை விட்டுருங்க. எம்-சாண்டைச் சாயா அரிப்புல சலிச்சு ஃபெவிகால்ல ஒட்டினா போதும். பிரைமருக்கு முன்னாடியே ஒட்டிருங்க, மணலுக்குத் தனியா ஒரு கை பூசுறது மிச்சம்.