டோர்டுகேரோவில் பேராமை (பச்சைக் கடலாமை) பார்க்கப் போனவர்கள் யாராவது உண்டா?

உப்புக்காற்று:
கோஸ்டா ரிகாவின் கரீபியன் கரை. போன ஆகஸ்ட். ரோடு கிடையாது, படகில்தான் போக வேண்டும் என்பதெல்லாம் இங்கே பலருக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். இரவு 8 மணி நடைக்குப் பத்துப் பேர் போனோம். மொபைலை அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லி வழிகாட்டி இரண்டு தடவை சொன்னார். நான் சைலண்டில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு பேராமை முட்டையிடுவதைப் பார்த்தாயிற்று. திரும்பி வரும்போது அலை விளிம்பிலிருந்து கறுப்பாக இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டார். ஊரில் காலை ஒன்பதரை, "சாப்பிட்டியா" கேட்கும் நேரம். மெல்லிய சட்டை, நெஞ்சில் நீலமாக வெளிச்சம். நான் கையால் பொத்துவதற்குள் ஆமை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அப்புறம் அரைவட்டமாகத் திரும்பி, வந்த தடத்துக்குப் பக்கத்திலேயே கடலுக்குள் போய்விட்டது.

வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

கூழைக்கடா:
ரொம்ப மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். பேராமை பாதி ஏறிவிட்டுத் திரும்புவது புதிதல்ல. வேர் தட்டினாலும் திரும்பும், மணல் சரிந்தாலும் திரும்பும். அதே இரவோ அடுத்த இரவோ மறுபடி ஏறும்.

எனக்கு மறக்காதது வேறு. காலை ஆறு மணிக்குக் கரையில் நடந்தபோது ஓர் ஆமை கிடந்தது. கழுத்துப் பக்கம் மட்டும் தின்றிருந்தது, ஓடு முழுசாக இருந்தது. சுற்றிலும் கறுப்புக் கழுகுகள். ஈர மணலில் என் உள்ளங்கை அளவுக்குப் பாதத் தடம். ஜாகுவார். அது புதருக்குள் படுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன்.

சுக்குக்காப்பி:
கூழைக்கடா அண்ணா, "புதிதல்ல" என்று சொல்லித் தட்டிக்கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேர் தட்டித் திரும்புவதும் நம் போனால் திரும்புவதும் ஒன்றா? ஏறி வரும்போதுதான் அது மிரளும். முட்டை விழ ஆரம்பித்தபிறகு அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதனால்தான் நம்மைக் காட்டுப் பாதையில் காக்கவைத்து, முட்டையிடத் தொடங்கியபின் கூட்டிப்போகிறார்கள். வழிகாட்டி கையில் சிவப்பு விளக்கு மட்டும்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பேராமைக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை. தோணியாமை (லெதர்பேக்) வேண்டுமென்றால் அதற்கு முன்னாடி, மார்ச்சிலிருந்து. செப்டம்பர், அக்டோபரில் நாடு முழுக்க மழை என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள், கரீபியன் பக்கம் அப்போதுதான் கொஞ்சம் வெறிக்கும். தலைநகர் சான் ஹோசேயிலிருந்து கரியாரி ஊர், அங்கிருந்து லா பவோனா படகுத்துறை, அப்புறம் ஆற்றில் சுமார் ஒரு மணி நேரம். தண்ணீர் குறைந்தால் படகு மணலில் தட்டும், இன்னும் நேரமாகும். பெட்டியை நெகிழிப் பையில் கட்டுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். இரவு நடைக்குக் கறுப்பு உடை, வெள்ளைச் செருப்பு கூடாது. கடலில் குளிக்கலாம் என்று போகாதீர்கள், இழுப்பு பயங்கரம், சுறாவும் உண்டு. நீச்சலுக்கென்றே கரீபியன் போகிறவர்கள் தெற்கே மன்சனில்லோ பக்கம் போகட்டும். தேங்காய்ப்பாலில் வேகவைத்த அரிசியும் பீன்ஸும் மட்டும் விடாதீர்கள்.

என் கதையை மறந்துவிட்டேன். குழியை மூடும்போது ஆமை பின்னால் வாரி இறைத்த மணல் என் முகத்தில் அறைந்தது. வாய்க்குள்ளும் போயிற்று. அவ்வளவுதான்.

ராத்திரிப்பட்சி:
எங்கள் வழிகாட்டியின் தாத்தா ஆமை பிடித்தவராம். கரையேறும் ஆமையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போவார்களாம், மல்லாந்த ஆமையால் எழ முடியாது. காலையில் படகு வந்து ஏற்றிக்கொள்ளும். 1950களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஆமை ஆராய்ச்சிக்கு வந்த பிறகுதான் காவல் மெல்ல வந்தது, 1975இல் தேசியப் பூங்கா. பேரன் இப்போது அதே மணலில் நம்மை முட்டி போட வைக்கிறார். "எந்தப் பக்கம் புரட்டுவார்கள்" என்று என் பையன் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே கையால் செய்து காட்டினார். அந்தக் கை அசைவு பழகிய கை மாதிரி இருந்தது.

உப்புக்காற்று:
கூழைக்கடா, அடுத்த இரவு நான் மறுபடி போனேன். போனை அறையில் வைத்துவிட்டுத்தான். ஒன்றும் ஏறவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.