இன்சுலின், விதையில்லா திராட்சை, சிங்கப்பூர் என்.இ.ஏ (சுற்றுச்சூழல் வாரியம்) விடற கொசு, இதுல எதெல்லாம் ஜி.எம் (ஜீன் மாத்தினது)? தெரிஞ்சவங்க சொல்லுங்க

மல்லிகை_யீஷூன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய கேள்வி, பொறுமையா படிங்க. எங்க மாமியாருக்கு ரொம்ப வருஷமா சுகர், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி லான்டஸ்ங்கற இன்சுலின் ஊசி போடறாங்க. மக செகண்டரி நாலு, ஓ லெவல் பயாலஜிக்கு படிச்சிட்டு இருந்தவ "பாட்டி, உங்க இன்சுலினை பாக்டீரியா தான் செய்யுது"ன்னு சந்தோஷமா சொல்லிட்டா. அப்பலேர்ந்து அத்தைக்கு மனசே சரியில்ல. கிருமி செஞ்சதையா இத்தனை நாளா உடம்புல ஏத்திக்கிட்டு இருந்தேன், அதனாலதான் ஃபிரிட்ஜுல வெக்கச் சொல்றாங்களா, வெளிய வெச்சா கிருமி பெருகிடுமான்னு ஒரே கேள்வி. நேத்து ஊசியே வேணாம்னுட்டாங்க, கெஞ்சித்தான் போட வெச்சோம்.

மகளுக்கும் முழுசா புரியல. புக்குல ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம், பிளாஸ்மிட், லிகேஸ்னு படம் போட்டு அம்புக்குறி போட்டிருக்கு, அதை அப்படியே மனப்பாடம் பண்றா, எதுக்கு வெட்டணும் எதுக்கு ஒட்டணும்னு கேட்டா முழிக்கறா.

அப்புறம் பேச்சு எங்கெங்கயோ போயிடுச்சு. தேக்கா மார்க்கெட்ல வாங்கற விதையில்லா திராட்சை ஜி.எம்மா? எங்க பிளாக்ல என்.இ.ஏ ஆளுங்க வந்து கொசு விட்டுட்டு போறாங்களே, அது ஜீன் மாத்தின கொசுவா? வீட்டுக்காரர் கேக்கறது என்னன்னா, ஊர்ல ஜி.எம் கத்தரிக்காய் வேணாம்னு அவ்ளோ போராட்டம் நடந்துச்சே, அது கெட்டதுன்னா இன்சுலின் மட்டும் எப்படி நல்லதா இருக்கும்? யாராவது புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

பெஞ்ச்_பிப்பெட்:

அக்கா, முதல்ல ஊசியை நிறுத்த விடாதீங்க, மத்த சந்தேகமெல்லாம் மெதுவா தீத்துக்கலாம். நான் பயோபோலிஸ்ல ஒரு லேப்ல இருக்கேன், இந்த வெட்டி ஒட்டற வேலைதான் எனக்கு தினமும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அடிப்படை ஒண்ணே ஒண்ணுதான். மனுஷன், கத்தரிச்செடி, குடல்ல இருக்கற ஈ.கோலை பாக்டீரியா, எல்லாமே டிஎன்ஏவை (ஏ, டி, ஜி, சி-ன்னு நாலு எழுத்துல எழுதின பரம்பரைக் குறிப்பு) ஏறக்குறைய ஒரே விதிப்படிதான் படிக்குது. மூணு மூணு எழுத்தா படிச்சு அதுக்குரிய அமினோ அமிலத்தை ஒண்ணொண்ணா கோத்து புரதம் செய்யும். மனுஷ இன்சுலினுக்கான எழுத்து வரிசையை, அதாவது ஜீனை, பாக்டீரியா கிட்ட குடுத்தா அதுவும் மனுஷ இன்சுலினோட புரதச் சங்கிலியைத்தான் செய்யும், பாக்டீரியா செஞ்சதுங்கறதுக்காக அது பாக்டீரியா புரதம் ஆயிடாது. இது மட்டும் பாட்டிக்கு புரிஞ்சிட்டா பாதி பயம் போயிடும்.

இப்ப உங்க மக புக்குல இருக்கற படம். பாக்டீரியாக்குள்ள பெரிய டிஎன்ஏ போக பிளாஸ்மிட்னு சின்னச் சின்ன வளையம் தனியா இருக்கும், அதை வெளிய எடுத்து நமக்கு வேணும்கற ஜீனை உள்ள வெச்சு திரும்ப பாக்டீரியாக்குள்ள அனுப்பலாம். வளையத்துல இடம் பண்ணணும்னா வெட்டணும்ல, அதுக்குத்தான் ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம். உதாரணத்துக்கு ஈகோஆர்ஒன்னு ஒண்ணு, ஜி ஏ ஏ டி டி சி-ன்னு எழுத்து வர்ற இடத்துல மட்டும்தான் வெட்டும், வேற எங்கயும் தொடாது, அதுவும் நேரா வெட்டாம படி மாதிரி வெட்டும், அதனால ரெண்டு முனையிலயும் ஜோடி சேராத நாலு எழுத்து தொங்கிக்கிட்டு இருக்கும். பிளாஸ்மிட்டையும் இன்சுலின் ஜீனையும் *ஒரே* என்சைம் வெச்சு வெட்டினா ரெண்டுலயும் ஒரே மாதிரி முனை வரும், அதுங்க தானா போய் ஜோடி சேந்துக்கும், அப்புறம் லிகேஸ்ங்கற ஒட்டற என்சைம் அந்த இணைப்பை நிரந்தரமா மூடிடும். பரீட்சையில "ஒரே என்சைம்", "ஒண்ணுக்கொண்ணு பொருந்தற முனை" இந்த ரெண்டையும் பசங்க எழுத விட்டுடறாங்க, மார்க் அங்கதான் போகுது, மக கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

லேப்ல இதுக்கப்புறம் என்ன பண்ணுவோம்னா, பாக்டீரியாவை ஐஸ்ல வெச்சு, பிளாஸ்மிட் சேத்து, 42 டிகிரில ஒரு நிமிஷத்துக்கும் கம்மியா சூடு காட்டி, திரும்ப ஐஸ்ல வெப்போம், அந்த அதிர்ச்சில சிலது பிளாஸ்மிட்டை உள்ள வாங்கிக்கும். பெரும்பாலானது வாங்காது. எது வாங்குச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கறது? பிளாஸ்மிட்லயே ஒரு ஆன்டிபயாடிக்கை தாங்கற ஜீனும் இருக்கும், அதனால அந்த ஆன்டிபயாடிக் கலந்த தட்டுல வளத்தா, வாங்கினது மட்டும் பொழைக்கும். மறுநாள் காலையில தட்டைத் திறந்து பாக்கறப்போ சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளியா வந்திருக்கும், எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அது சந்தோஷம்தான்.

ஜீனை வெட்டி வேற உயிருக்குள்ள வெக்கறதை 1973ல கோஹன், போயர்னு ரெண்டு பேர் செஞ்சு காட்டினாங்க, 1978ல ஜெனென்டெக் கம்பெனில மனுஷ இன்சுலினை ஈ.கோலைல செஞ்சாங்க, 1982ல அமெரிக்காவுல மருந்தா விக்க அனுமதி கிடைச்சுது. அதுக்கு முன்னாடி பன்றி, மாடு கணையத்துலேர்ந்துதான் எடுப்பாங்க, கொஞ்சம் இன்சுலினுக்கு டன் கணக்கில கணையம் வேணும். பன்றி இன்சுலின் நம்மளோடதுலேர்ந்து ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வேற, மாட்டோடது மூணு, அதனால வேலை செஞ்சுது, ஆனா சிலருக்கு அலர்ஜி வந்துச்சு. எங்க பிளாக்ல ஒரு மக்சிக் (மலாய்க்கார ஆன்ட்டி) இதுல பன்றி கலந்திருக்கான்னு ரொம்ப கவலையா கேட்டாங்க, அவங்களுக்கும் நான் இதைத்தான் சொன்னேன், லான்டஸ் வர்றது ஈ.கோலைலேர்ந்து.

இன்னொரு விஷயம், பாட்டி போடற லான்டஸ் அப்படியே மனுஷ இன்சுலின் கூட இல்ல. ஒரு சங்கிலியோட கடைசி அமினோ அமிலத்தை மாத்தி, இன்னொண்ணோட நுனில ரெண்டு ஆர்ஜினின் சேத்திருக்காங்க. அதனால அது அமிலத் தன்மையுள்ள கரைசல்லதான் கரையும், தோலுக்கு கீழ போனதும் சின்னச் சின்னத் துகளா படிஞ்சு அங்கேர்ந்து மெதுவா ரத்தத்துக்கு போகும், அதனாலதான் ஒரு ஊசி கிட்டத்தட்ட நாள் முழுக்க தாங்குது. கணையத்துலேர்ந்து எடுக்கற காலத்துல இப்படி நெனச்ச மாதிரி எழுத்தை மாத்தி வாங்க முடியாது.

கிருமி பெருகுமாங்கறதுக்கு பதில்: இன்சுலின் ஊசி பேனாக்குள்ள பாக்டீரியாவே கிடையாது. பெரிய தொட்டில வளத்து, உடைச்சு, இன்சுலினை மட்டும் பல கட்டமா பிரிச்சு சுத்தம் பண்ணி, அதுக்கப்புறம்தான் அடைக்கறாங்க. ஃபிரிட்ஜ் எதுக்குன்னா இன்சுலின் ஒரு புரதம், சூட்டுல அதோட மடிப்பு கலைஞ்சு போயிடும், போட்டாலும் சுகர் இறங்காது. திறக்காத பேனா 2லேர்ந்து 8 டிகிரில இருக்கணும், ஃப்ரீசர்ல மட்டும் வெக்காதீங்க, உறைஞ்சா வீண். லான்டஸ்ல யூஸ்ல இருக்கற பேனாவை வெளியதான் வெக்கச் சொல்றாங்க, 30 டிகிரிக்கு கீழ 28 நாள் வரைக்கும். நம்ம ஊர் வெயில்ல ஜன்னல் ஓரமோ நிறுத்தி வெச்ச கார்லயோ வேணாம்.

தெம்பனிஸ்_தம்பி:

கொசு கண்டிப்பா ஜி.எம் தான் அக்கா, லேப்ல வளத்து பிளாக் பிளாக்கா விடறாங்க, வேற என்ன. எங்க ஏரியாவுல விட்டதுலேர்ந்து லிஃப்ட் லாபில கொசு ஜாஸ்தியா தெரியுது.

கோப்பி_ஓ_கோசோங்:

தம்பி, அது ஜி.எம் இல்லப்பா, இது நெறைய பேர் நம்பறதால விவரமாவே சொல்றேன். என்.இ.ஏ 2016லேர்ந்து விடறது வோல்பாக்கியாங்கற பாக்டீரியா இருக்கற ஆண் ஏடிஸ் கொசு. வோல்பாக்கியா வண்ணத்துப்பூச்சி, பழ ஈன்னு எக்கச்சக்கமான பூச்சிக்குள்ள இயற்கையாவே இருக்கு, டெங்கி பரப்பற ஏடிஸ் இஜிப்டைல மட்டும் இயற்கையா இருக்கறதில்ல. அதனால முட்டைக்குள்ள ஊசி வழியா ஏத்தி ஒரு பரம்பரையை உருவாக்கிக்கிட்டாங்க, அதுக்கப்புறம் தாய் வழியா தானா வரும். கொசுவோட ஜீன்ல ஒரு எழுத்து கூட மாத்தல. இந்த ஆண் கொசு நம்ம ஏரியா பெண் கொசுவோட சேந்தா முட்டை பொரியாது, அவ்ளோதான் வேலை. ஆண் கொசு கடிக்காது, செடிச் சாறுதான் குடிக்கும். பிரிக்கறப்போ தப்பித் தவறி பெண் கொசு கலந்துட்டா அதுவும் முட்டை விட்டு பெருகக் கூடாதுன்னு எக்ஸ்ரே வேற காட்டறாங்க. ஒரு வருஷமாவது தொடர்ந்து விட்ட இடங்கள்ல டெங்கி வர்ற வாய்ப்பு 70 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்குன்னு என்.இ.ஏ சொல்லியிருக்கு. கொசு ஜாஸ்தியா தெரியறது உண்மைதான், புதுசா விடறாங்கள்ல, ஆனா அதுக்காக பூந்தொட்டி தட்டுல தண்ணி தேங்க விடாதீங்க.

நிஜமாவே ஜீன் மாத்தின கொசுவும் உலகத்துல இருக்கு, ஆக்சிடெக் கம்பெனியோடது, பிரேசில்ல விட்டாங்க, 2010 கடைசியில மலேசியாவுல பெந்தோங்ல ஒரு 6,000 விட்டு சோதனை பண்ணினாங்க. அந்தச் செய்தியும் இதுவும் கலந்துதான் இந்தக் குழப்பம்னு நெனக்கறேன்.

திராட்சையும் ஜி.எம் இல்ல. எப்பவோ தானா வந்த மாற்றம், விதை பாதில வளராம நின்னுடும், அந்தக் கொடியையே வெட்டி நட்டு நட்டு பெருக்கறாங்க. விதையில்லா தர்பூசணி மூணு செட் குரோமோசோம் வர்ற மாதிரி ரெண்டு வகையை கலந்து எடுக்கறது, மூணை சமமா பிரிக்க முடியாததால விதை ஒழுங்கா உண்டாகாது. ரெண்டுலயும் வெளி ஜீன் எதுவும் கிடையாது.

நம்ம சிங்கப்பூர் சமாச்சாரம் ஒண்ணு சொல்றேன், ஜெல்லி மீனோட ஒளிர்ற ஜீனை எடுத்து வரிக்குதிரை மீனுக்குள்ள வெச்சது என்.யூ.எஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) ஆளுங்க, 1999ல. தண்ணில மாசு இருந்தா மீன் மின்னி காட்டணும்ங்கறதுதான் நோக்கம், அதுவே பிற்பாடு குளோஃபிஷ்னு அமெரிக்காவுல வளர்ப்பு மீனா விலைக்கு வந்துச்சு. மகளுக்கு இது பிடிக்கும்.

ஜூரோங்_விவசாயி_மகன்:

கத்தரிக்காய் விஷயம் நான் பேசறேன், அப்பா இன்னும் திருச்சி பக்கம் பயிர் பண்றாரு. நீங்க கேட்ட ஜி.எம் கத்தரிக்கு பேரு பிடி கத்தரி, அதுல இருக்கறது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்ங்கற மண் பாக்டீரியாவோட ஒரு புரத ஜீன். புழு தின்னா அதோட காரக் குடல்ல அந்தப் புரதம் போய் ஒட்டி ஓட்டை போடும், நம்ம வயிறு அமிலம், ஒட்டறதுக்கான இடமும் நம்ம குடல்ல இல்ல. இயற்கை விவசாயம் பண்றவங்களே இந்த பாக்டீரியாவை தெளிப்பாங்க, இங்க சிங்கப்பூர்ல இதோட இன்னொரு வகையை கொசுப் புழுவுக்கு தண்ணில போடறாங்க. கத்தரிக்கு காய்ப்புழு வந்தா எத்தனை தடவை மருந்தடிக்கணும்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், அந்த விஷம் அடிக்கறவன் மூச்சுலதான் முதல்ல போகுது, அதை யாரும் கணக்குல எடுத்துக்கறதில்லங்கறது எனக்கு ரொம்ப வருத்தம். இந்தியாவுல 2010 பிப்ரவரில நிறுத்தி வெச்சாங்க, பங்களாதேஷ் 2013ல அனுமதி குடுத்து இப்ப அங்க விளையுது.

அதுக்காக எதிர்த்தவங்க எல்லாம் தெரியாம பேசினாங்கன்னு சொல்ல மாட்டேன். பிடி பருத்தி இந்தியாவுக்கு 2002ல வந்துச்சு, பருத்திக்காரங்க பக்கத்துலயே கொஞ்சம் சாதாரண பருத்தியும் போடணும், அப்பத்தான் புழுவுக்கு எதிர்ப்பு சீக்கிரம் வராது, பெரும்பாலானவங்க போடல, இளஞ்சிவப்பு காய்ப்புழு இப்ப அதைத் தாங்கி வளருது. விதையை வருஷா வருஷம் கம்பெனி கிட்டயே வாங்க வேண்டியிருக்கு. இது சாப்பிடறவனுக்கு கெடுதலாங்கற கேள்வி இல்ல, விவசாயி கையில என்ன மிஞ்சும்ங்கற கேள்வி. ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பினா ரெண்டுக்குமே பதில் கிடைக்காது. எந்த ஜீன், எதுக்காக வெச்சாங்க, கடைசியில தட்டுக்கோ உடம்புக்கோ என்ன வருது, லாபம் யாருக்கு, இப்படி ஒவ்வொண்ணா தனியா கேக்கணும். உங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லுங்க, இன்சுலின்ல இந்த நாலுக்கும் தெளிவா பதில் இருக்கு.

மல்லிகை_யீஷூன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அத்தை கிட்ட மக தமிழ்லயே உக்காந்து விளக்கினா, "அப்ப இது நம்ம உடம்புல சுரக்கறது மாதிரிதானே"ன்னு கேட்டுட்டு ஊசி போட்டுக்கிட்டாங்க. கடைசியா ஒண்ணு, கொழுந்தனார் மகனுக்கு தலசீமியான்னு பரம்பரை ரத்த நோய், மாசா மாசம் ரத்தம் ஏத்தறாங்க. ஜீனை மாத்தி குணப்படுத்தலாம்னு எங்கயோ படிச்சேன், நிஜமா?

பெஞ்ச்_பிப்பெட்:

நிஜம்தான் அக்கா, ஆனா சுலபம் இல்ல, அதனால நம்பிக்கையையும் கஷ்டத்தையும் சேத்தே சொல்றேன். கிரிஸ்பர்னு ஒரு முறை, 2012ல டவுட்னாவும் ஷார்பென்டியேவும் வெளியிட்டது, 2020ல நோபல் வாங்கினாங்க. புக்குல வர்ற என்சைம் ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கு மட்டும்தான் வெட்டும்னு சொன்னேன்ல, இதுல எங்க வெட்டணும்கறதை நாமளே எழுதிக் குடுக்கலாம். தலசீமியாவுக்கு கேஸ்ஜெவின்னு ஒரு சிகிச்சை, அமெரிக்காவுல 2024 ஜனவரில அனுமதி கிடைச்சுது. இந்த நோய்ல ஹீமோகுளோபின் (ரத்தத்துல ஆக்சிஜனை சுமக்கற புரதம்) ஜீன் கெட்டுப் போயிருக்கும், அதை இது திருத்தல. கருவுல இருக்கறப்போ நமக்கு வேற ஒரு ஹீமோகுளோபின் ஓடும், பொறந்தப்புறம் அது அணைஞ்சிடும், அதை அணைச்சு வெக்கற சுவிட்ச் ஜீனை வெட்டி விடறாங்க, பழைய ஹீமோகுளோபின் திரும்ப வேலை செய்ய ஆரம்பிக்கும். நோயாளியோட சொந்த ஸ்டெம் செல்லை (ரத்தத்தை உண்டாக்கற செல்) வெளிய எடுத்து மாத்தி திரும்ப ஏத்தறது, நடுவுல கடுமையான கீமோ உண்டு, அமெரிக்காவுல விலை 22 லட்சம் டாலர். பையனுக்கு பொருத்தமான கூடப்பொறந்தவங்க இருந்தா ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும் ஒரு வழி, எது சரிங்கறதை அவனைப் பாக்கற ஹீமடாலஜி (ரத்த நோய்) டாக்டர்தான் சொல்லணும், கேஸ்ஜெவி பத்தியும் அவர் கிட்டயே நேரா கேளுங்க.

அதோட உங்க மகளும் மத்த பசங்களும் கேரியரான்னு (நோய் வராம ஜீனை மட்டும் சுமக்கறவங்களான்னு) ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. கேரியரா இருந்தா பொதுவா அவங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா கேரியர் ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கிட்டா ஒவ்வொரு பிரசவத்துலயும் குழந்தைக்கு நோய் வர்றதுக்கு நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு. பாலிகிளினிக் டாக்டர் கிட்ட குடும்பத்துல தலசீமியா இருக்குன்னு சொல்லுங்க, என்ன டெஸ்ட், எங்க எடுக்கணும்னு அவங்களே சொல்வாங்க.