கோலத்தைத் தொட்டால் ஸ்வரம்: பெங்களூரு அல்சூரில் ஒரு பொங்கல் விடுமுறை

தொட்டால் ஒலிக்கும் பொருள்களைப் பற்றி இங்கே பேச்சு ஓடுகிறது; எல்லோரும் கண்காட்சியில் தொட்டுப் பார்த்ததை எழுதுகிறீர்கள். என்னுடையது வீட்டுக் கூடத்துச் சமாச்சாரம்.

மகளுக்கு மேக்கி மேக்கி என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் மாணவர்களாக இருந்த ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் 2012இல் கொண்டுவந்தது. கணினியில் செருகினால், அது இதை விசைப்பலகை என்றே நம்பிவிடும். ஒரு கையில் பலகையின் எர்த் கம்பி, மறு கையில் பலகையோடு கம்பியால் இணைத்த வாழைப்பழம். தொட்டதும் உடல் வழியாகச் சுற்று முடிந்து, ஒரு விசை அழுந்தியதாக எண்ணிக் கணினி ஒரு ஸ்வரத்தை ஒலிக்கும். உள்ளே 22 மெகா ஓம் என்ற மிகப் பெரிய மின்தடை இருப்பதால் தோலில் ஓடும் துளி மின்சாரமே போதும்.

வாழைப்பழம் ஒரே நாளில் சலித்துவிட்டது, கறுத்தும்விட்டது. பென்சில் கரியிலும் மின்சாரம் ஓடும் என்றேன். மகள் சார்ட் தாளில் 2, 3, 2 என்று ஏழு புள்ளி வைத்தாள். 2எச் பென்சிலில் களிமண் அதிகம், வேலைக்கு ஆகவில்லை. கரி அதிகமுள்ள 6பி கொண்டு அழுத்தித் தேய்த்த பிறகுதான் ஒலி வந்தது. புள்ளிக்கு ஒரு இணைப்பு வேண்டும்; பலகையின் முன்பக்கமோ ஆறே இணைப்புகள். ச ரி க ம ப த வரை கேட்ட அம்மா, “நி எங்கே?” என்றார். மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு ஓடி இன்னும் கம்பி வாங்கி வந்து, பின்பக்கத் துளையில் செருகி அதையும் சேர்த்தேன்.

அம்மாவுக்கு எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை. “கோலத்துக்கு ஒரு கை போதாதா?” என்று பென்சிலை வாங்கி, புள்ளிகளைச் சுற்றிச் சிக்குக் கோலம் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடவே தொடாது; கோடுகளோ ஒன்றையொன்று வெட்டி, எல்லாம் ஒரே இணைப்பாகிவிடும். கோட்டையே எர்த் ஆக்கினேன். கட்டைவிரல் கோட்டில், ஆள்காட்டி விரல் புள்ளியில். ஒரே கையால் ஸ்வரம்! சர்க்யூட் வரைந்து சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்கு இது தோன்றவில்லை.

நடுவில் உள்ளங்கை பட்டுக் கரி இழுவி, ஒரு புள்ளி கோட்டோடு ஒட்டிக்கொள்ள, ‘ப’ மட்டும் விடாமல் ஒலித்தது. ரப்பரால் அழித்ததும் அடங்கியது.

மறுமொழி, ஹெப்பாலிலிருந்து:
நாங்கள் இதை மாக்கோலத்தில் முயன்றோம். உலர்ந்த மாவு ஊமை. கரைத்த மாவில் உப்புப் போட்டதும் பாடியது. ஈரம் காயக் காய ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக அவிந்தன. மாமியார் மட்டும், “எறும்புக்கு உப்பா வைப்பீர்கள்?” என்று இன்றுவரை கேட்கிறார்.