கச்சிதக் கைத்துப்பாக்கியின் சேஃப்டி உறைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது: பயன்படுத்துவதா, விட்டுவிடுவதா?

ஹூஸ்டன் கடைக்காரர் (கேட்பவர்):

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டன் புறநகரில் கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த கடை ஒன்றை நடத்திவருகிறேன். இரவு பதினொரு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு அன்றைய ரொக்கத்துடன் தனியாகக் காருக்கு நடக்க வேண்டியிருக்கிறது. வேலை விசாவில் இருந்தவரை துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இடம் தராததால், கிரீன் கார்டு வந்த பிறகே பயிற்சி வகுப்பை முடித்து, டெக்சாஸ் உரிமம் பெற்று, 9 மி.மீ. கச்சிதக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். இடப்பக்கத்தில், கட்டைவிரலால் கீழே தள்ளி விடுவிக்கும் சிறிய சேஃப்டி (ட்ரிகரை அசையவிடாமல் பூட்டும் நெம்பு) உள்ள மாதிரி அது. சேம்பரில் (குழலின் பின்முனை அறையில்) சுடத் தயாராகத் தோட்டா, சேஃப்டி மேலே, வலது இடுப்பில் கால்சட்டைக்குள் செருகும் உறை என்று வைத்துக்கொள்கிறேன்.

சிக்கல் இரண்டு. வீட்டுக்கு வந்து துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்கும்போது, நான் மேலே ஏற்றிவைத்த சேஃப்டி சில நாட்களில் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு வாரத்தில் நான்கு முறை இப்படி நடந்துவிட்டது. அடுத்தது, காலித் துப்பாக்கியை உறையிலிருந்து உருவிப் பழகும்போது, இருபது முறைக்கு மூன்று முறை கட்டைவிரல் சேஃப்டியின் மேல் வழுக்கிப் போய்விடுகிறது, ட்ரிகர் அசைய மறுக்கிறது. வகுப்பில் சொல்லித்தந்தவரோ, சேஃப்டியைக் கீழே விட்டுவிட்டு அது இருப்பதையே மறந்துவிடச் சொல்கிறார். வீட்டில் ஆறு வயது மகள் இருப்பதால் எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

டாலஸ்வாசி:

நண்பரே, நான் எட்டு ஆண்டுகளாகச் சேஃப்டி இல்லாத மாதிரியைத்தான் வைத்திருக்கிறேன். 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17-இலும் கட்டைவிரல் சேஃப்டி கிடையாது. ட்ரிகரின் முகத்திலேயே ஒரு சிறு நாக்கு, ஸ்ட்ரைக்கரை (தோட்டாவை இடித்து வெடிக்கவைக்கும் உள்ஊசியை) தடுக்கும் உள்பூட்டு, கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும் அமைப்பு என்று மூன்று காப்புகள் அதனுள் இருக்கின்றன. தேவைப்படும் நொடியில் நினைவில் வைக்க வேண்டிய வேலை ஒன்று குறைவது பெரிய நன்மை. இருபதுக்கு மூன்று தவறுகிறது என்றால், அந்த மூன்று எப்போது வரும் என்று உங்களால் சொல்ல முடியாதே.

பழைய 1911:

டாலஸ்வாசி சொன்ன மூன்று காப்புகளும் உண்மையே. ஆனால் அவை எதிலிருந்து காக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துப்பாக்கி கீழே விழுந்தாலோ எதிலாவது மோதினாலோ அவை காக்கும். ட்ரிகரை ஏதோ ஒன்று முழுவதுமாக அழுத்திவிட்டால் அவற்றில் ஒன்றுகூடக் காக்காது, ஏனென்றால் ட்ரிகர் அழுத்தப்படும்போது விலகிக்கொள்ளவே அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. உறைக்குள் திரும்பச் செருகும்போது சட்டையின் ஓரமோ, ஜாக்கெட்டின் கயிற்று நுனியோ ட்ரிகர் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டால், துப்பாக்கிக்கு அது விரலா துணியா என்று தெரியாது. கட்டைவிரல் சேஃப்டி தன் மதிப்பைக் காட்டுவது அந்த இரண்டு நொடிகளில்தான். 2017-இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த எம்17 கூட ஸ்ட்ரைக்கர் வகைத் துப்பாக்கிதான், ஆனால் இருபுறமும் சேஃப்டியுடனேயே படைக்குப் போயிற்று.

உங்கள் முதல் சிக்கலுக்கு வருகிறேன். வலது இடுப்பில் செருகும்போது துப்பாக்கியின் இடப்பக்கம் உங்கள் உடலைப் பார்த்திருக்கும். காரில் உட்காரும்போதும், கீழ்த்தட்டிலிருந்து சரக்கை எடுக்கக் குனியும்போதும் இடுப்புச் சதை சேஃப்டியின் மேல் உரசிக் கீழே தள்ளுகிறது. துப்பாக்கியில் பழுது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். உடலுக்கும் சேஃப்டிக்கும் நடுவே திரைபோல உயரும் பின்தட்டு கொண்ட, உங்கள் மாதிரிக்கென்றே வார்க்கப்பட்ட கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) உறையை வாங்குங்கள். ட்ரிகர் வளையம் முழுவதும் உறைக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் இறங்கினால், சேஃப்டி கிளிக்கென்று உட்காரும் இடம் தேய்ந்திருக்கலாம். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

ஆஸ்டின் பயிற்சியாளர்:

ஐயா, இரண்டாவது சிக்கலைப் பற்றி நான் சொல்கிறேன். சேஃப்டியைச் சில நாட்கள் ஏற்றியும் சில நாட்கள் இறக்கியும் வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான நிலை. இப்போது உங்கள் உறையின் தயவால் நீங்கள் அறியாமலேயே அந்த நிலையில் இருக்கிறீர்கள். எப்போதும் ஏற்றுவது அல்லது ஒருபோதும் ஏற்றாமல் இருப்பது என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தாலும், உருவும்போது கட்டைவிரலால் கீழே தள்ளும் அசைவை விடக்கூடாது, ஏனென்றால் தவறுதலாக அது மேலேறியிருக்கும் நாள் ஒன்று வரலாம்.

வழுக்குவதற்குக் காரணம், பிடி முழுமையாக அமைவதற்கு முன்பே நீங்கள் உருவத் தொடங்குவதாக இருக்கலாம். துப்பாக்கி உறையில் இருக்கும்போதே உள்ளங்கை பிடியின் மேல்முனைவரை ஏறிவிட வேண்டும், கட்டைவிரல் சேஃப்டிக்கு மேலே நிற்க வேண்டும். குழல் இலக்கை நோக்கித் திரும்பிய பிறகே கீழே தள்ளுங்கள். அதுவரை ஆள்காட்டி விரல் ட்ரிகருக்கு வெளியே, துப்பாக்கியின் உடற்பகுதி மேல் நேராக இருக்கட்டும். திரும்பச் செருகுவதற்கு முன் சேஃப்டியை ஏற்றிவிட்டு, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருகுங்கள். இதில் அவசரத்துக்கு எந்தத் தேவையும் இல்லை.

வீட்டில் பழகும்போது மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை சோதித்து, உண்மைத் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள். கைபேசியில் படம் பிடித்து, தவறிய முறைகளை மட்டும் நிதானமாகப் பாருங்கள், காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மகளை மனத்தில் வைத்துச் சேஃப்டியை நம்பாதீர்கள். ஆறு வயதுக் குழந்தையின் விரலுக்கு அது ஒரு தடையே அல்ல. இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் துப்பாக்கி பூட்டுப்பெட்டியில் இருக்க வேண்டும். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது பதினேழு வயதுக்குட்பட்டவர் கைக்குப் போய்விட்டால், டெக்சாஸ் சட்டமும் அதைப் பொதுவாகக் குற்றமாகவே கருதுகிறது.

இடக்கைக்காரி:

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள், அண்ணா. வலக்கையில் காசுப் பையோ, குழந்தையின் கையோ இருந்தால் இடக்கையால் இயக்க முடிகிறதா? இடப்பக்கம் மட்டும் சேஃப்டி உள்ள மாதிரியில் இடக்கைக் கட்டைவிரல் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும், ட்ரிகருக்குப் போக வேண்டிய ஆள்காட்டி விரலை மடக்கித்தான் சேஃப்டியை இறக்க வேண்டியிருக்கும். இந்தக் காரணத்தால்தான் நான் சேஃப்டி இல்லாத மாதிரிக்கு மாறினேன். வீட்டில் இரண்டாவது துப்பாக்கி இருந்தால் அதன் சேஃப்டி எந்தத் திசையில் இயங்குகிறது என்றும் பாருங்கள். பெரெட்டா 92எஃப்எஸ் போன்றவற்றில் அது ஸ்லைடின் (முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியின்) மேல் இருக்கும், சுடும் நிலைக்கு மேல்நோக்கித் தள்ள வேண்டும், உங்களுடையதற்கு நேர் எதிர்.

ஹூஸ்டன் கடைக்காரர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பின்தட்டு உயர்ந்த புதிய உறையில் இதுவரை ஒருமுறைகூடச் சேஃப்டி இறங்கவில்லை. படம் பிடித்துப் பார்த்ததில், சட்டையை விலக்கும் அவசரத்தில் பிடியைத் தாழ்வாகப் பற்றுவதுதான் குறை என்று தெரிந்தது. அதைத் திருத்திய பிறகு நேற்று நாற்பது முறை உருவியதில் எல்லா முறையும் சேஃப்டி இறங்கியது. ஆகவே எப்போதும் ஏற்றியே வைப்பது என்று முடிவு செய்துள்ளேன். படுக்கையறையில் பூட்டுப்பெட்டி பொருத்தியாயிற்று. தங்கை சொன்ன இடக்கைச் சோதனையில் மட்டும் பத்துக்கு ஆறு முறை தவறினேன். இதே மாதிரியில் இருபுறமும் சேஃப்டி பொருத்த வழி உண்டா என்று பழுதுபார்ப்பவரிடம் சனிக்கிழமை கேட்கப் போகிறேன். அதுவரை காசுப் பையை இடக்கையில் மட்டுமே எடுத்துச் செல்கிறேன்.