புதுப்பிப்பு: என்.ஏ.பி.எச். ஆய்வு முடிந்தது

மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். வாரியத்தின் ஆய்வுக்கு எங்கள் வார்டை எப்படித் தயார் செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். ஆய்வு முடிந்துவிட்டது. கோப்புகளை விட, வேலை செய்பவர்களிடம்தான் அதிகம் கேட்டார்கள். மருந்து கொடுக்கும்முன் நோயாளியை எந்த இரண்டு அடையாளங்களால் உறுதி செய்கிறீர்கள், தவறிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தான அடர் பொட்டாசியம் குளோரைடு மருந்து எங்கே இருக்கிறது, ஊசி எந்த டப்பாவில் போகும் என்றெல்லாம். துப்புரவுப் பணியாளர் அக்கா வெள்ளை டப்பா, சிவப்புப் பை, நீலப் பெட்டி என எதில் எந்தக் கழிவு போகும் என்பதையெல்லாம் தடுமாறாமல் சொன்னார். எனக்கு அவ்வளவு பெருமை!

சிக்கியது கழிவு அறையில்தான். மருத்துவக் கழிவு போடும் சில மஞ்சள் பைகளில் தேதி இல்லை. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, ரத்தம் பட்ட பஞ்சு போன்ற சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தேதி இல்லாமல் அதை எப்படி நிரூபிப்பது? இந்தக் குறைக்குத் திருத்த நடவடிக்கை அறிக்கை தயாராகிறது. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.