மீசோ டார்டாரிக் அமிலம்: திருப்பினால் சீர்மைத் தளம் எங்கே போகிறது?

வணக்கம். கரிம வேதியியல் தெரிந்தவர்களிடம் ஒரு சந்தேகம். இளநிலை முதலாண்டில் புறவெளி மாற்றியங்கள் (அணுக்கள் இணைந்த வரிசை ஒன்றாக இருந்தும் முப்பரிமாண அமைவில் வேறுபடுபவை) படித்துக்கொண்டிருக்கிறேன்.

புளியிலும் திராட்சையிலும் உள்ள டார்டாரிக் அமிலத்தில் சீர்மையற்ற கார்பன்கள் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தவை) இரண்டு. கணக்குப்படி 4 மாற்றியங்கள் வேண்டும், இருப்பவை மூன்றே. ஒன்று ஒளியை வலப்புறம் சுழற்றுகிறது, அதன் ஆடிபிம்பம் இடப்புறம். மீசோ வடிவம் சுழற்றுவதே இல்லை, நடுவே சீர்மைத் தளம் (ஒரு பாதியை மறுபாதியின் ஆடிபிம்பமாக்கும் தளம்) ஓடுவதால் என்கிறது பாடம்.

ஆனால் அந்தத் தளம் தெரிவது பிஷர் வீழலில்தான் (மூலக்கூறைக் குறுக்குக் கோடுகளாகத் தாளில் வரையும் முறை). அது மறைத்தல் வச அமைப்பு, அதாவது அடுத்தடுத்த கார்பன்களின் தொகுதிகள் நேருக்குநேர் ஒன்றையொன்று மறைத்து நிற்பது; மூலக்கூறு அப்படி நிற்க விரும்பாது. (அந்த வீழலின்மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை.) நியூமேன் வீழலாக (நடுவிலுள்ள கார்பன்-கார்பன் பிணைப்பின் நேர்கோட்டில் பார்ப்பதுபோல) வரைந்து திருப்பிப் பார்த்தேன். கார்பாக்சில் தொகுதிகள் 180 பாகையில் எதிரெதிரே நிற்கும்போது சீர்மை மையம் (ஒவ்வொரு அணுவுக்கும் நேரெதிரே, சம தூரத்தில் அதே அணு இருக்கும் நடுப்புள்ளி) கிடைக்கிறது, மகிழ்ச்சி. 60 பாகையில் நிற்கும்போதோ தளமும் இல்லை, மையமும் இல்லை. பிறகு ஏன் ஒளி சுழலவில்லை?

என் ஊகம்: இடப்பக்கமும் வலப்பக்கமும் 60 பாகை திரும்பிய வடிவங்கள் ஒன்றுக்கொன்று ஆடிபிம்பங்கள், கரைசலில் சம அளவில் இருந்து இடைவிடாமல் ஒன்று மற்றதாக மாறுவதால் சுழற்சி ரத்தாகிறது. இது சரியா? தேர்வில் பிஷர் வீழலின் தளத்தை மட்டும் காட்டினால் போதுமா?

பந்து-குச்சி மாதிரி வைத்திருப்பவர்கள் அந்த மூன்று நிலைகளையும் படமெடுத்துப் போட்டால் பேருதவி. இன்னொன்று: வலமும் இடமும் சமமாகக் கலந்த ரசிமிக் படிகம் சுமார் 206 பாகை செல்சியஸில் உருகுகிறது, தனி வடிவம் 170-லேயே உருகிவிடுகிறது. காரணம் என்ன?