தென்னை மரத்தில் கள் இறக்க உரிமம் கிடைக்குமா?

கேள்வி:
பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். மீனாட்சிபுரம் எல்லையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது. இங்கே அதே மரத்தில் கலயம் கட்டினால் வழக்கு. ஒரே நாட்டில் இது எப்படிச் சாத்தியம்?

பதில் 1:
போதை தரும் மதுவின் உற்பத்தியும் விற்பனையும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 8-ஆவது இனமாக உள்ளதால், ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சட்டம் இயற்றுகிறது. கேரளத்தில் அப்காரி (கலால்) சட்டப்படி உரிமம் உண்டு. இங்கே 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே நடப்பில் இருக்கிறது; கள்ளுக்கு 1987 முதல் தடை. மதுவிலக்குச் சட்டத்தின் கீழேயே அரசு நிறுவனமான டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையும் நடத்துவது தனி வேடிக்கை.

பதில் 2:
நீதிமன்றத்தை நம்பி இறங்காதீர்கள், ஐயா. மது வணிகம் அடிப்படை உரிமை அன்று என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் கூறிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் நீராவுக்கு, அதாவது புளிக்காத பாளைச் சாற்றுக்கு?

பதில் 1:
அதற்கு 2017-இல் தனி விதிகள் வந்தன. ஆயினும் உரிமம் தேவை. நீரா புளிக்கக் கூடாது என்பதால், பாளையிலிருந்து சொட்டும்போதே குளிர்நிலையில் பிடிக்க வேண்டும். வெயிலில் சற்று நேரம் விட்டாலும் நுரை கட்டிக் கள்ளாகிவிடும். அதன்பின் உங்கள் உரிமம் உதவாது.